ஏரியில் கத்தியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகர் வீட்டுக்கு வந்திருந்தார். அரக்கோணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அம்மா தவறிப்போன செய்தியை, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு, பஸ் ஏறித் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்.

அம்மாவின் படத்துக்கு முன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“எங்க வீட்ல இவங்களுக்குப் பேரே ஏரியம்மாதான் சார். பேரப் பசங்க தண்ணியக் கண்டு பயந்தாங்கன்னா, ‘இன்னாடா, ஏரியம்மா மாதிரி கத்திக்கினு நிக்கிற’ன்னு கிண்டல் பண்ணுவோம்...”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பழைய வாசகர்களுக்கு அந்தக் கதை நினைவிருக்கும். நல்ல மழை பெய்த ஒரு வருடம். தாமல் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழிகிறது. வேடிக்கை பார்க்க அம்மாவை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டிப் போகிறேன். கலங்கலைத் தாண்டும்போது நடுவழியில் தண்ணீர் வேகமெடுக்கிறது. “முருகா! முருகா!” என்று கத்திக்கொண்டே அம்மா குதித்துத் தண்ணீரில் விழுகிறாள். நான் கை கொடுத்துத் தூக்குகிறேன். எவ்வளவு சிரித்தீர்கள்! அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டு, வேறு வேறு சாக்கில் நாலு தடவை எழுதிவிட்டேன்.

அது பொய்.

எனக்கு மொபெட் ஓட்டத் தெரியாது. இன்றுவரை தெரியாது. இலக்கியக் கூட்டங்களுக்கு ஏன் எப்போதும் ஆட்டோவில் வந்து இறங்குகிறேன் என்று யாருமே யோசிக்கவில்லையா?

வண்டி அம்மாவுடையது. “தறி மிதிக்கிற காலுக்கு இந்த பெடல் இன்னா பெருசு?” என்று கேட்டு, ஐம்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். ஓட்டியது அவள். பின்னால் உட்கார்ந்திருந்தது கல்லூரிப் பேராசிரியரான நான்.

வாசகர் பேசியதைக் கேட்டுக்கொண்டே என் மகள் கயல் உள்ளேயிருந்து வந்தாள்.

“யார் சார் கத்துனது, எங்க ஆயாவா? எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே அதுதான். லாரிக்கே சைடு குடுக்காது!”

“அப்போ சார் எழுதினது...?” அவர் என்னைப் பார்த்தார். கயலும் பார்த்தாள்.

“நிஜமா யார்பா விழுந்தது? ‘யாரும் விழல, வண்டிதான் விழுந்துச்சு’ன்னு ஆயா எங்கிட்ட சொல்லுச்சு.”

“நான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னைக் கலவரப்படுத்தியது. கண்ணை மூடினால் தண்ணீரில் நிற்பது அம்மா! கை நீட்டுவது நான்! நானே இட்டுக்கட்டியது என்று தெரியும். ஆனால் படமாக வருவது அதுதான்.

எழுபத்து நாலு வயதில் மறதி வரலாம். ஆனால் இது மறதியா? மறதி என்றால் இருந்த ஒன்று காணாமல் போகவேண்டும். எனக்கோ இல்லாத ஒன்று கூடுதலாக இருக்கிறது.

“ரொம்ப வருஷமாச்சும்மா...” என்று மழுப்பினேன். வாசகர் குழம்பிப்போய்க் கிளம்பினார்.

அந்தக் கதை முதன்முதலில் அச்சில் வந்த அன்று, அம்மா தறியில் உட்கார்ந்தபடியே பத்திரிகையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“நானாடா கத்தினேன்?”

“கதைம்மா. ஒரு சுவாரஸ்யத்துக்கு...”

“உன் காலேஜ் பசங்க இத்தப் படிப்பாங்களா?”

“படிப்பாங்க.”

தறியில் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டாள்.

“சரி. அப்போ நானே கத்தினதா இருக்கட்டும்.”

அன்றிலிருந்து வெளியாள் யார் கேட்டாலும், “ஆமாபா, ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தினேன்” என்று கையை ஆட்டி நடித்தே காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பெல்லாம் அம்மாவின் பின்சீட் காலியாக இருந்ததில்லை. பிரசவ வலி எடுத்தவள், சினிமாவுக்குப் போகிறவள், எல்லோரும் ஏறுவார்கள். பிள்ளை இல்லாத மருமகள்களை மாமியார் கண்ணில் படாமல் ஏற்றிக்கொண்டு திருப்புட்குழி கோயிலுக்குப் போவாள். வறுத்த பயறு முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்பது அங்கே நம்பிக்கை. என் கதை வந்த பிறகு, “ஐயய்யோ, நீயே நடுவுல பயந்து குதிச்சிடுவியேக்கா” என்று பெண்கள் விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அம்மா தனியாகவே போய்வந்தாள்.

“யாரும் வரலியாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வெயிட்டு இல்லாம வண்டி நல்லா ஓடுதுபா” என்றாள்.

அது வேடிக்கையா, வருத்தமா? ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தோமே... ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதன்கிழமை காலை சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலரைச் சரிசெய்யக் கை பின்கழுத்துக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன்.

காலர்! ஏரிக்குப் போய்வந்த அன்று என் சட்டையின் காலர் பின்பக்கம் கிழிந்திருந்தது. அம்மா கையில் அகப்பட்ட நூலால் தைத்தாள். எங்கள் வீட்டில் கையில் அகப்படுவது பட்டு நூல்தான். மாம்பழ மஞ்சள். மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், காலருக்கு பார்டர் போட்டிருக்கீங்களா?”

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதாததால் கெடாமல் இருந்திருக்கிறது. அந்த நுனியைப் பிடித்து இழுத்தேன். மீதியும் வந்தது... பயத்தில் குதித்தது, பாசியில் கால் வழுக்கியது, இடுப்பளவுத் தண்ணீர், பின்கழுத்தில் ஒரு பிடி. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அம்மா வண்டியை விட்டுவிட்டாள். ஆக, வண்டியும் விழுந்தது! கயலிடம் அவள் முழுப்பொய் சொல்லவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

கயலுக்கு போன் செய்தேன். “நான்தாம்மா விழுந்தேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, “சரிப்பா... அந்த அரக்கோணத்து சாருக்கு யார் சொல்றது?”

அதற்குத்தான் இந்த வாரப் பக்கம்.

உண்மையை எழுதிவிட்டதால் எல்லாம் தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. இப்போதும் கண்ணை மூடினால் தண்ணீரில் நிற்பது அம்மாதான். எழுதியதை அடிக்கலாம். பார்த்ததாக நம்பியதை எதைக்கொண்டு அடிப்பது?

ஆனாலும் அரக்கோணத்து நண்பரே, உங்கள் பேரப்பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். கத்தியது நான். முருகனைக்கூடக் கூப்பிடவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முன்சீட்டில் இருந்தவளைத்தான் கூப்பிட்டேன் — “அம்மா!” என்று.