தனியாக வருபவர்களுக்கு இடமில்லை

பணிமனையில் பேருந்துகளுக்கு டயர் மாற்றுகிற அவளை எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரிலே ஓட்டத்தில் குச்சி அவள் கைக்கு வந்துவிட்டால், முன்னால் ஓடுகிறவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபின், எந்தப் போட்டியில் மைக் கிடைத்தாலும் விடமாட்டாள். "கட்டி தெரிஞ்சா வெட்கப்பட்டு உட்காராதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க!" பதக்கம் கொடுக்க வந்த பெரிய மனிதர்கள் நெளிவார்கள். நன்றாக நெளியட்டுமே!

அவளை அரித்தது அக்கா கணவரின் நிலைமை. அச்சக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மருந்து, சமையல், துணி, வாந்தி வாளி எல்லாம் அவர் ஒருவரே. யார் உதவிக்கு வந்தாலும் "நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவிடுவார். கன்னம் ஒட்டிப்போய், நின்றபடியே தூங்கி விழுந்தார்.

"எனக்கு முன்னாடி இவர் போய்ச் சேர்ந்துடுவார் போலிருக்குடி." வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்த அக்கா அழுதுவிட்டாள்.

எக்ஸ்பிரஸ் ஓர் ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்தாள். வீட்டில் புற்றுநோயாளியைக் கவனிக்கிறவர்களுக்கு மட்டும். பாதித் தூரத்தில் குச்சியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆள் வாரம் ஒரு மதியம் நோயாளிக்குத் துணையாகவும் இருக்க வேண்டும்.

பெயர் கொடுக்க அக்கா கணவர் தனியாக வந்து நின்றார்.

"முழுத் தூரமும் நானே ஓடிடுறேன்மா."

"நடக்காது மாமா. ஆளோட வாங்க."

"என்னையே திருப்பி அனுப்புறியா?"

"உங்களைத்தான் முதல்ல அனுப்பணும்."

கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் இரண்டடி வைத்தாள். ஆனாலும் இறங்கிவரவில்லை. சொந்த மாமாவிடம் அப்படி உறுதியாக நிற்க யாருக்கு மனசு வரும்? அவளுக்கு வந்தது.

வீட்டில் அக்கா, "நீங்க ஓடலைன்னா நான் மாத்திரையைத் தொடமாட்டேன்" என்று அடம்பிடித்திருக்கிறாள். வேறு வழியில்லாமல், ஓட்டத்தன்று அச்சகக் கூட்டாளி ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தார் மாமா. தொப்பைக்காரரான அந்தக் கூட்டாளி கையை நீட்டினார். மாமாவோ குச்சியை விடாமல் அவர் கூடவே ஓடினார்.

"விடுங்க மாமா, விடுங்க!" தொண்டை கிழியக் கத்தினாள் எக்ஸ்பிரஸ்.

ஒருவழியாக விட்டார். கடைசியாகத்தான் வந்தார்கள்.

மறுவாரம் ஒரு மதியம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். தொப்பைக்காரர் கட்டிலருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா உதட்டில் விரலை வைத்து அடுத்த அறையைக் காட்டினாள். உள்ளேயிருந்து பலத்த குறட்டை.

"முன்னாடியெல்லாம் இதுக்குத் திட்டித் தீர்ப்பேன்" என்று கிசுகிசுத்தாள் அக்கா. "இன்னிக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்குடி."