எனக்கு நானே போட்ட நாலு

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் உங்களுக்கு நீங்களே எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

மலையாளம் பேசும் எங்கள் ஐ.டி. அலுவலகத்தில் புது புராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கும் முன் இப்படி ஒரு படிவம் வரும். ஒரு பக்கம் வேலையின் பெயர், மறு பக்கம் காலிக் கட்டம். நாமே நிரப்பலாம். யாரும் சரிபார்க்க மாட்டார்கள்!

மகளை பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே போனில் நிரப்பினேன். டெஸ்டிங்குக்கு, அதாவது மென்பொருளில் பிழை தேடும் வேலைக்கு, மூன்று போட்டேன். குறைவோ? நாலு. ஆட்டோவில் ஏறியதும் பயம் வந்து இரண்டாக்கினேன். கிழக்கேகோட்டை சிக்னலில் மறுபடி நாலு... பச்சை விழுந்தது, அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதம் முன்பு சேர்ந்த மூன்று பேர் யோசிக்காமல் ஐந்து போட்டிருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அக்காவான ஷீபா சேச்சி பன்னிரண்டு வருடமாக டெஸ்டிங்தான் பார்க்கிறார். தினமும் களியிக்காவிளையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். அவர் போட்டது மூன்று.

"என்ன சேச்சி, வெறும் மூணு?"

"தெரியாதது எவ்வளவுன்னு எனக்கல்லவா தெரியும், மோளே. நீ எத்தனை போட்டே?"

நான் மகளின் சளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

படிவம் தீர்ப்பு சொன்னது. ஐந்துகளும் நாலும் புராஜெக்ட்டுக்கு. மூன்று, பயிற்சி வகுப்புக்கு. தினம் ஒரு மணி நேரம் சேச்சிக்கு டெஸ்டிங் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? அந்த ஐந்துகளில் ஒருவர்!

புராஜெக்ட், ஒரு மருத்துவமனைக்கான தடுப்பூசி ஆப். குழந்தையைப் பதிந்துவைத்தால், ஊசி போட வேண்டிய நாளில் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும்.

"இரட்டைப் பிள்ளைங்க வந்தா என்ன ஆகும்? போட்டு நோக்கினீங்களா?" என்று டீ குடிக்கும்போது சேச்சி கேட்டார்.

மேனேஜர் அனூப் சாரிடம் போய்ச் சொன்னேன். "ஷீபா ஈ புராஜெக்ட்டில் இல்லல்லோ" என்றார். இந்த புராஜெக்ட்டில் அவர் இல்லையே என்பதுதான் பதில். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் டெமோ. ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தார். முதலில் பதிந்ததே இரட்டைக் குழந்தைகளை. ஒரே அம்மா, ஒரே போன், ஒரே பிறந்த நாள். ஒரே குழந்தையை இரண்டு தடவை பதிந்துவிட்டார்கள் என்று ஆப் தானாக முடிவு கட்டி, ஒன்றை அழித்தது.

"மற்றே கொச்சு எவிடே போயி?" இன்னொரு குழந்தை எங்கே என்றார் நர்ஸ்.

அனூப் சார் எங்களைப் பார்த்தார். ஐந்துகள் லேப்டாப்பைப் பார்த்தன. நாலு – அதாவது நான் – நர்ஸின் செருப்பைப் பார்த்தேன். ஊசி தவறிப்போகும் அந்தக் குழந்தை என் மகளாக இருந்தால்?

பயிற்சி வகுப்பிலிருந்து சேச்சியைக் கூப்பிட்டோம். எங்கே கோளாறு, எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மாலைக்குள் சரியானது.

மறுநாள் பாராட்டு மெயில். ஐந்துகள் மூவரின் பெயரும் என் பெயரும் இருந்தன. சேச்சி பெயர்? புராஜெக்ட்டில் இல்லல்லோ! "ஷீபா சேச்சிதான்..." என்று எல்லோருக்குமான பதிலைத் தட்டினேன். அழித்தேன். இப்படி மூன்று முறை.

வெள்ளிக்கிழமை சேச்சி ராஜினாமா கொடுத்துவிட்டார். ஊழியர்களின் உற்சாகம் குறைகிறது என்று உடனே கண்டுபிடித்த அனூப் சார், சாயங்காலமே ஊக்கப் பயிற்சி வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பலூன் உடைக்க வேண்டும். வரிசையில் நின்று உடைத்தோம்.

மாதக் கடைசியில் சேச்சி கிளம்பியதும் அவர் வேலை முழுக்க எனக்காம். நான்தான் நாலாயிற்றே!

அடுத்த படிவமும் வந்துவிட்டது. உண்மையைப் போட்டால் பயிற்சி வகுப்பு. நாலு போட்டால், இன்னொரு வீட்டுக் குழந்தை காணாமல் போகலாம். அந்த மெயிலுக்கு இப்போதாவது பதில் போட்டால் சேச்சி வேலையில் நிற்பாரா, இல்லை சிரிப்பாரா?

என்ன செய்யட்டும்? யோசித்து எழுதுங்கள். தனக்குத் தானே ஐந்து போட்டுக்கொள்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.