சுவெட்டர் அளவாயிருந்தது

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாளே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. மாமி பாலம்மா அடுப்படியிலிருந்து, "ஜெயராணி, சோறு போட்டாச்சுன்னு சொல்லு" என்றார். சொல்லவேண்டிய ஆள் என் மாமனார் ராஜலிங்கம். அவர் மூன்றடி தள்ளிக் கதிரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் விழித்தேன். "சொல்லும்மா" என்றார் மாமி மறுபடியும்.

"மாமா, சோறு போட்டாச்சாம்."

"கையக் கழுவிட்டு வர்றேன்னு சொல்லு."

இது என்னடா கூத்து என்றிருந்தது எனக்கு. பதினைந்து வருஷம் அந்தக் கூத்தை ஆடினேன். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் என் புருஷன் பிரதீஸ். அவர் பேசப் பழகியதே இதற்காகத்தான் என்று கண்டி மஹியாவையில் எங்கள் அயலட்டைச் சனங்கள் கேலி பண்ணுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நாட்களில் மாமி சுவரைப் பார்த்து, "குடை எடுத்துட்டுப் போனா நல்லது" என்பார். மாமாவும் சுவருக்கே பதில் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போவார்.

காரணத்தை மாமியே ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

என் புருஷன் வயிற்றில் இருந்தபோது மாமிக்கு ஒன்பதாம் மாசம். அதற்கு முன் இரண்டு தரம் கலைந்திருந்ததால், படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் மாமியின் அம்மா இறந்துபோனார். தோட்டத்து ஆள் ஒருவர், மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை செய்துகொண்டிருந்த மாமாவிடம் நேரே போய்ச் செய்தியைச் சொன்னார். மாமா வீட்டுக்கு வந்து, "தோட்டத்துப் பக்கம் போற வேலையிருக்கு, உங்கம்மாவையும் பாத்துட்டு வர்றேன்" என்றார். மாமிக்கு ஒன்றும் தெரியாது. கண்டி நடைபாதைக் கடையில் அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்த ரோஸ் நிறச் சுவெட்டரை மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

பின்னேரம் திரும்பி வந்த மாமா, வெளிக் குழாயில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மழையில் நனைந்ததாகச் சொன்னார். "சுவெட்டர் அளவா இருந்துச்சா?" என்று மாமி கேட்டார். "அளவா இருந்துச்சு" என்றார் மாமா.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிந்த பிறகுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளத்தாச்சி எழவு வீட்டுக்குப் போகக்கூடாதுதான். அது போகட்டும்" என்றார் மாமி. "ஆனா செத்துக் கெடந்த பொம்பளைக்குச் சுவெட்டர் அளவா இருந்துச்சுன்னு வாய் கூசாமச் சொன்னாரே, அந்த மனுசன் கூட எனக்கென்ன பேச்சு? அத எந்தச் சாக்கடைக் கான்ல வீசிட்டு வந்தாரோ."

அன்றைக்கு மூடிய வாய் அது. பிரதீசுக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை என்பதிலிருந்து மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் மாமாவின் சட்டையை வேறு யாரும் தோய்க்க மாமி விட்டதில்லை.

போன வருஷம் மாமாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்று அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. மாமிதான் முதுகு துடைத்தார், கஞ்சி ஊட்டினார். கரண்டியை அவர் உதட்டருகே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாயத் தொறக்கச் சொல்லு" என்பார்.

ஒருநாள் மத்தியானம் மாமா மெல்ல என்னைக் கூப்பிட்டார். "மாமிகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சுவெட்டர் விசயம்."

மாமி கஞ்சிக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றார். "என்னான்னு கேளு" என்றார் என்னிடம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கேக்க மாட்டேன்" என்றேன். "சோறு, குடை, மருந்து எல்லாத்துக்கும் நடுவுல நின்னேன். இதுக்கு நிக்க மாட்டேன். சொல்றவரு இங்க இருக்காரு, கேக்கிறவங்க இங்க இருக்கீங்க. இன்னும் ரெண்டு நாளுல அந்தக் குரலும் போயிரும், அப்புறம் நீங்க நெனச்சாலும் கேக்க முடியாது."

சொல்லிவிட்டு வெளியே போனேன். உண்மையைச் சொன்னால், வாசற்படியைத் தாண்டவில்லை.

பிறகு மாமா, "பாலம்மா" என்றார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"அளவாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்தான் போட்டுவிட்டேன். பெட்டிய மூடப் போனாங்க. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி, கையத் தூக்கி மாட்டிவிட்டேன். உங்க மக குடுத்தான்னு காதுல சொன்னேன். மேல் பட்டன் மட்டும் பூட்ட முடியல. என் கை நடுங்கிருச்சு."

மாமி வழக்கம்போல என்னைத் தேடி வாசலைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீதான் என் பேச்சே கேக்க மாட்டேன்னுட்டியே. சின்னப் பிள்ளகிட்டயும் மருமககிட்டயும் இத எப்புடிச் சொல்லி அனுப்புறது?"

மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா மொகம் எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா சொன்னார். விபூதி பூசியிருந்ததை, வாய் ஓரம் லேசாகச் சிரிப்பதுபோல் இருந்ததை, அந்த ரோஸ் நிறம் அவருக்கு எடுப்பாக இருந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். மாமி தாய்க்காக நாற்பது வருஷம் அழாத அழுகையை அன்றைக்கு அழுதார். "உங்களப் போயி இப்புடி நெனச்சிட்டேனே" என்றார். "நான் மறச்சதும் உண்மதானே, மன்னிச்சுக்க" என்றார் மாமா. வாசலில் நின்ற நானும் அழுதேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு ஆறு நாள். அந்த ஆறு நாளும் என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. மாமி அவருக்குத் தலை சீவிவிட்டார். "நாப்பது வருசமா ஒன் கறியில உப்புக் கூட" என்றார் மாமா. "சரியா இருக்குன்னுதானே சொல்லி அனுப்புனீங்க" என்று மாமி சிரித்தார். அவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சு இருந்ததே என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

ஏழாம் நாள் காலையில் மாமா போய்விட்டார்.

குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட ஆண்கள் வந்தார்கள். மாமி அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போட்டுவிட்டார். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் பூட்டிக்கொண்டு வந்தார். மேல் பட்டனில் அவர் கை நடுங்கியது. பழக்கதோஷத்தில் நான் குனிந்து கையை நீட்டினேன்.

"நீ விடு, ஜெயராணி" என்றார். "எங்களுக்கு நடுவுல இனி யாரும் வேணாம்."

பெட்டியில் வைக்க நின்றவர்கள் காத்திருந்தார்கள். வெகுநேரம் பிடித்தது. மேல் பட்டனைப் பூட்டிவிட்டுத்தான் எழும்பினார்.