நிமிராத இரண்டு விரல்கள்

கை மருத்துவப் பிரிவின் வராந்தாவில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த பெஞ்சில் நானும் பல மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் என்ன ஆச்சு என்று கேட்பார். மற்றவர்கள் மெஷின், கண்ணாடி, பஸ் என்பார்கள். நான், தம்பி வெட்டிவிட்டான் என்பேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது.

1997 கோடையில் நடந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலம். எனக்கும் தம்பி குமாருக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஆளுக்கொரு நாள் மோட்டார் போடும் முறை. கரண்ட் இல்லாமல் போன நாள் யார் கணக்கில் சேரும் என்பதில் பேச்சு முற்றியது. வேர்க்கடலை வாடிக்கொண்டிருந்தது. இருவருக்குமே வாய் ஜாஸ்தி. வேலி கழிக்கும் அரிவாள் அவன் கையில் இருந்தது. ஓங்கினான், நான் வலது கையைக் குறுக்கே நீட்டினேன். வெட்டியவனே தன் துண்டால் என் கையைக் கட்டி, வண்டியில் உட்காரவைத்து, அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகும் தசைநாண்கள் (தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகும் நார்கள்) அறுந்திருந்தன. தைத்தார்கள். ஆறும்போது நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும், தினமும் பயிற்சி செய்யாவிட்டால் விரல் மடங்கியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

எஸ்தரைக் கல்யாணம் செய்தபோது நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். தம்பி கோயில், தீபம் என்று அவன் வழியில் இருந்தான். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே போலீஸிடம், அவனை மன்னித்துவிட்டேன், வழக்கு வேண்டாம் என்றேன். போதகர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்த வார்த்தை அப்போது பொய்யில்லை. சொன்ன நேரத்தில் நிஜமாகவே மனசு லேசாக இருந்தது.

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிறு, தம்பியை மன்னித்ததை நானும் சொன்னேன். முடிவில் மடங்கிய கையை உயர்த்திக் காட்டினேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. பக்கத்து ஊர்ச் சபைகளும் கூப்பிட ஆரம்பித்தன. நானும் மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஒரு நாள் பயிற்சியில் சுண்டு விரல் கொஞ்சம் நிமிர்ந்தது. எஸ்தர் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நேரான கையைத் தூக்கி எதைக் காட்டுவது என்றுதான் முதலில் தோன்றியது. ஊருக்குப் போனால் தம்பி என் கையைப் பார்த்துத் தலைகுனிவான். அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. பயிற்சியை விட்டுவிட்டேன். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எஸ்தரிடமும் டாக்டரம்மாவிடமும் செய்கிறேன் என்றே சொன்னேன்.

அடுத்த ஆண்டு ஒரு பௌர்ணமி. செங்கம் பக்கம் ஒரு சபையில் சாட்சி சொல்லிவிட்டு எஸ்தரும் நானும் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். ரமணாசிரமம் தாண்டுவதற்குள் கிரிவலக் கூட்டத்தில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்குக் கீழே குமார் நடந்து போனான். வெறுங்கால், குதிகாலில் துணி சுற்றியிருந்தான், நொண்டினான். நான் இறங்கிப் போய் அவன் தோளைத் தொட்டேன்.

"மாசா மாசம் வரேன்ணா. உன் வெரலு நேராவுற வரைக்கும் சுத்தறேன்னு வேண்டிக்கினேன். இப்ப பரவாயில்லியா?" என்றான்.

நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாளே வேலூருக்கு ஓடினேன். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒட்டிய நாணைப் பிரித்துவிட மறுபடி அறுவை செய்தார்கள். இந்த முறை கண்ணில் தண்ணீர் வரப் பயிற்சி செய்தேன். ஆனால் மூட்டுகள் இறுகிவிட்டிருந்தன. மடக்கிப் பிடிக்க வரும், இனி முழுசாக நிமிராது என்று சொல்லிவிட்டார். விரல் நேராகாது என்றால், தம்பி சாகும் வரை சுற்றுவான். அதை நிறுத்த ஒரே வழி, நடந்ததை அவனிடம் சொல்வதுதான்.

வயலில் அவன் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க நாக்கு எழவில்லை. எத்தனையோ மேடைகளில் அந்த வார்த்தையைச் சரளமாகச் சொன்னவன் நான். கொடுப்பவனாக இருந்தபோது அது சுலபமாக இருந்தது.

குமார் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவந்து என் கையை வாங்கிப் பார்த்தான். வெட்டிய நாளுக்குப் பிறகு அவன் அதைத் தொட்டது அப்போதுதான்.

"நான் வெட்டலைன்னா நீ எதுக்குணா மடக்கி வெச்சிக்கப் போற?" என்றான். "வுடு. வேண்டுதல முடிச்சிக்கறேன்."

நான் அழுதேன். அவன் கையை விடவில்லை.

"ஒண்ணுதான் கேக்கறேன். இனிமே எங்கியும் என் கதையச் சொல்லாத. பசங்கள ஸ்கூல்ல வெட்டுனவன் புள்ளைங்கன்னு கூப்பிடறாங்க."

எனக்கு இது தெரியாது. ஸ்தோத்திரம் என்று நான் கேட்டுப் பூரித்த சத்தம் அந்தக் குழந்தைகளின் வகுப்பு வரைக்கும் போயிருக்கிறது. கிருபை என்றால் தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்தத் தகுதியில்லாதவன் தம்பிதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "உன் தப்ப எழுது, என் பேர மாத்திடு" என்றான். மாற்றியிருக்கிறேன்.

இப்போது வலது கையில் மூன்று விரலால் பழகித் தட்டச்சு செய்கிறேன். நேரம் பிடிக்கிறது, முன்போல் அவசரமும் இல்லை. காலையில் வெந்நீரில் கையை வைத்துப் பயிற்சி செய்வதை விடவில்லை. செய்தாலும் நிமிராது, விட்டால் இன்னும் சுருங்கும். உங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள், நம்புங்கள்.

பௌர்ணமிக்குக் குமார் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான், செருப்புப் போட்டுக்கொண்டு. வெந்நீர் ஆறுவதற்குள் அவன் என் விரல்களை மேஜையில் வைத்து அழுத்திப் பிடிப்பான். வலிக்கும். வலிக்குதாணா என்று கேட்பான். இல்லை என்று பொய் சொல்ல வாய் வரும். ஆமாம் என்கிறேன். அவன் பிடியைத் தளர்த்திவிட்டு, மறுபடி மெதுவாக அழுத்துகிறான்.