வேலி முழுக்க மாப்பிள்ளைகள்

என் அக்கா படகு எஞ்சின் மெக்கானிக். கடற்கரையை ஒட்டி ஒரு தகரப் பட்டறை வைத்திருக்கிறாள். ஸ்பேனரைப் பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம், வாயைத் திறந்துவிட்டால் எதிராளிக்கு இடம் கிடையாது. நான் அவளுக்குத் தங்கை, பட்டறையில் எடுபிடி.

காற்றில் வரும் மணல் கழற்றிப் போட்ட எஞ்சினுக்குள் புகுந்து எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அக்கா, தாழம்பூ வாசனையில் மயங்கி, ஒரே தாழை மரத்தில் கிளை கிளையாக வெட்டி வந்து பட்டறையைச் சுற்றி நட்டாள். வேலி ஆள் உயரம் வளர்ந்தது. மணல் நின்றது. முள் மட்டும் அத்தான் சட்டைகளைப் பதம் பார்த்தது.

அத்தான் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். லாரி நிறுத்த இடம் கேட்டு நச்சரிப்பார்.

"இந்த முள்ளுப் புதரால என்ன பிரயோஜனம்?"

"பழம் காய்க்கும். அன்னாசி கணக்கா தொங்கும். இந்த மழைக்காலம் வர்றதுக்குள்ள காய்க்கலேன்னா வேலியையே வெட்டிக்கோங்க, போதுமா?"

வாய்ச்சவடால் என்றால் இதுதான். எஞ்சினைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த படகுக்காரர் வேலியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வாசமா பூக்கறது ஆண் தாழைம்மா. காய்க்கறது பொண்ணு. ஒரே மரத்துக் கிளைன்னா எல்லாமே மாப்பிள்ளைதான். இதுல எங்க பிள்ளை பொறக்கும்?"

அக்கா ஸ்பேனரோடு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். வேலி போனால் மணல் வரும், மணல் வந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மேகம் கறுத்த ஒரு காலையில் அத்தான் அரிவாளோடு வந்தார். வெட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று, பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பை ஒதுக்கப் போனேன். யாரும் எட்டிப் பார்க்காத மூலை அது. கரையில் ஒதுங்கும் தாழங்காய்த் துண்டுகளின் நுனி நாராக இருக்கும். அதை பிரஷ்ஷாக வைத்து எஞ்சின் தூசியைத் தட்டிவிட்டு, தேய்ந்ததும் அக்கா அங்கேதான் வீசுவாள்.

அப்படி வீசிய துண்டு ஒன்றின் விதை முளைத்து, அந்தக் குப்பையிலிருந்து ஒரு தாழை எழும்பி நின்றது. அதன் இலைகளுக்கு நடுவே, ஒரு தலை அளவுக்குச் செக்கச்செவேலென்று பழம்.

"அக்கா, ஓடி வா" என்று கத்தினேன்.

அவள் கிரீஸ் கையோடு ஓடி வந்தாள். பழத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுதுவிட்டாள், சத்தியமாக. பின்னாலேயே வந்த அத்தான் சட்டம் பேசினார்.

"இது நீ நட்டதில்லையே. தானா முளைச்சது. பேச்சு வேலியைப் பத்தித்தானே?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கிரீஸ்.

"பொண்ணு இது ஒண்ணுதான். சுத்தி நிக்கறது பூரா மாப்பிள்ளைங்க. இவங்க இல்லாம இது காய்ச்சிருக்குமா? பிள்ளை பொறந்த அன்னைக்கே அப்பனை வெட்டுவீங்களா?"

அத்தான் பழத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். அரிவாளை என்னிடம் கொடுத்துவிட்டு லாரியைத் தெருமுனையில் நிறுத்தப் போனார்.