புதுப் பெயிண்டுக்கு அடியில்

அந்தத் தரகர் பொய் சொன்னார். ஆறு பேர் போகிற ஒரு பழைய சின்ன ஜெட் விமானத்தைப் "புதுசு மாதிரி" என்று பதுளை முதலாளி ஒருவரின் தலையில் கட்டப் பார்த்தார்.

முதலாளிக்கு ஹோட்டல்கள் உண்டு. வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றிவர விமானம் வேண்டுமாம். நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன், வளைகுடாவில் பல வருடம் விமானம் பழுதுபார்த்தவன். "நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வாங்குவேன்" என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

கடலோர விமானத்தளத்தில் அது பளபளவென்று நின்றது. முதலாளி வேன் வாங்குகிற பழக்கத்தில் நேரே போய் டயரை உதைத்தார். பிறகு உள்ளே ஏறி, "லெதர் சீட்டுங்க! ஏசி ஜில்லுன்னு இருக்கு!" என்று கத்தினார்.

"இறங்குங்க மொதலாளி. சீட்டா பறக்கப் போகுது?" என்றேன்.

எனக்கு அந்தப் பெயிண்ட்தான் உறுத்தியது. தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் வந்தால் லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்னால் கூரை ஒழுகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் பளபளப்பைக் கண்டால் பின்பக்கம்தான் போவான்.

பதிவேட்டைக் கேட்டேன். எப்போது என்ன பழுது பார்த்தார்கள் என்று எழுதுகிற புத்தகம் அது. நடுவில் பக்கங்கள் இல்லை.

"மழையில நனைஞ்சு போச்சு தம்பி" என்றார் தரகர்.

"அந்தப் பக்கங்கள மட்டும் பாத்தா பெஞ்சுச்சு மழை?"

முதலாளி சிரித்துவிட்டார். தரகர் சிரிக்கவில்லை. இறக்கைக்கு அடியிலிருந்த மூடியைக் கழற்றச் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு? நேரமாகுது."

"கழட்டுங்க" என்றார் முதலாளி.

அலுமினியம் கெட்டால் இரும்பு மாதிரிச் சிவக்காது, வெள்ளைத் தூளாக உதிரும். விரல் வைத்தேன், உதிர்ந்தது. உப்புக்காற்று தின்ற இறக்கை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முதலாளியின் முகம் தொங்கிப்போனது, ஆனாலும் வாங்கவில்லை.

அத்தோடு விட்டிருப்பேன். மறுவாரம் பதுளைக் கடைவீதியில் நின்று தரகர், "லயத்து ஆளுக்கு ஜெட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றாராம். சொல்லட்டும். விமானம் வேறொருவருக்கு விற்றுப்போயிற்று என்றும் சொன்னாராம். அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

தரகரே, வாங்கியவருக்கு அந்த மூடியைக் கழற்றிக் காட்டினீர்களா? இறக்கையைச் சரிசெய்தீர்களா, இல்லை அப்படியே மூடிவிட்டீர்களா? என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். அதில் ஆட்கள் ஏறப்போகிறார்கள். கடைவீதியில் நின்று, எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.