தள்ளி நின்ற நிழல்

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனமெல்லாம் மேற்கே ஓடிவந்த யுத்தக்காலம் அது. பருத்திப்பட்டிலிருந்து நானும் என் நாத்தனாரும் மட்டும் கடலை நோக்கிப் போனோம். ஏரோட்டும் நேரத்தில் முட்டி வீங்கி, என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். அடம்பு இலையை வதக்கிக் கட்டினால்தான் வடியும் என்றார்கள். அது கடலோர மணலில் படரும் கொடி.

பறிக்கும்போது இலைமேல் ஆள் நிழல் விழுந்தால் மருந்து பலிக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் வெயிலுக்குப் பக்கவாட்டில் குந்தினேன். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கொடியில் கை வைத்ததும், பின்னாலிருந்து ஒரு நிழல் இலைகளை மூடியது.

நாத்தனார்தான் என்று நினைத்து, திரும்பாமலே அதட்டினேன். "தள்ளி நில்லுடி, நெழல் உயுது!"

நிழல் உடனே விலகிக்கொண்டது. மடி நிறையப் பறித்தேன்.

"இன்னா அண்ணி, யாராண்ட பேசிகினு கீறே?"

நாத்தனாரின் குரல் தூரத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல். நான் நடந்துவந்த தடத்தைக்கூடக் காற்று அழித்துவிட்டிருந்தது.

வீக்கம் வடிந்து, அவர் மறுபடி ஏர் பிடித்தார். இப்போதும் கொல்லையில் கீரை பறிக்கக் குனிந்தால், யாருமில்லாத முதுகுப் பக்கம் ஒருதரம் சொல்லிவிடுகிறேன்: "கொஞ்சம் தள்ளிக்கோங்க."